பிள்ளை பெறுவது யார் கணக்கில்?

ஸ்ரீபெரும்புதூருக்கு முதன்முதலில் பெயர் வாங்கிக் கொடுத்தது ஒரு பிறப்பு. 1017-ஆம் ஆண்டு ராமானுஜர் அங்கே பிறந்தார் என்பது வைணவ மரபு. வெகுநாள் பிள்ளை இல்லாமல் இருந்த கேசவ சோமயாஜியும் காந்திமதி அம்மையாரும் திருவல்லிக்கேணிக்குப் போய் வேள்வி செய்து, பார்த்தசாரதிப் பெருமாளை வேண்டிப் பெற்ற பிள்ளை அவர் என்று குருபரம்பரைக் கதைகள் சொல்கின்றன. (அப்படி வேண்டிப் பெற்ற பிள்ளை பின்னால் துறவியாகி, தனக்கென்று பிள்ளை இல்லாமலே போனது வேறு விஷயம்!)

ஆயிரம் வருடம் கழித்து அதே ஊரின் பெயர் உலகப் பத்திரிகைகளில் அடிபட்டது. இந்த முறை பிறப்புக்காக அல்ல, பிறந்துவிடுமோ என்ற பயத்துக்காக. 2024 ஜூன் 25 அன்று ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் ஒரு புலனாய்வுக் கட்டுரை வெளியிட்டது. ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையில், உற்பத்திப் பிரிவு வேலைக்கு மணமான பெண்களை எடுப்பதைத் தவிர்க்கிறார்கள் என்பது அதன் சாரம். ஆள் எடுக்கும் ஏஜென்டுகளும் முன்னாள் மனிதவளத் துறை ஊழியர்களும் சொன்ன காரணங்கள்: குடும்பப் பொறுப்பு, கர்ப்பம், அதிக லீவு. அதோடு தாலி, மெட்டி போன்ற உலோக நகைகள் உற்பத்திக்கு இடைஞ்சல் என்ற காரணமும் சொல்லப்பட்டது. நிறுவனம் இந்தக் குற்றச்சாட்டை மறுத்தது. புதிதாக எடுத்தவர்களில் சுமார் 25 சதவீதம் மணமான பெண்கள்தான் என்றும், உலோகம் அணிந்தவர் யாராக இருந்தாலும் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும், அது பாதுகாப்பு விதி என்றும் விளக்கம் கொடுத்தது.

ஒரு பெண் பிள்ளை பெறலாமா, எப்போது பெறலாம், எத்தனை பெறலாம்? இந்தக் கேள்விகளைத் தமிழ்நாட்டில் ஏறக்குறைய 150 வருடமாக யார் யாரோ கேட்டிருக்கிறார்கள். பதிலும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். பெறப்போகிறவளைப் பார்த்துக் கேட்டவர்கள்தான் ரொம்பக் குறைவு. ஸ்ரீபெரும்புதூர் செய்தி அந்த நீண்ட கதையின் சமீபத்திய அத்தியாயம், அவ்வளவுதான். முதல் அத்தியாயத்துக்குப் போக வேண்டுமானால் 1877-க்குப் போக வேண்டும்.

அந்த வருடம் சென்னை மாகாணம் பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்தது. தாது வருஷத்துப் பஞ்சம் என்று பாட்டிமார்கள் சொல்வது இதைத்தான். 1876-லிருந்து 1878 வரை லட்சக்கணக்கில் மக்கள் மடிந்தார்கள். அதே நேரத்தில் தானியம் கப்பலேறிக்கொண்டும் இருந்தது. நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியத்துக்கு ஈடான கூலி போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி நிர்ணயித்தார். (கடப்பாரை பிடிக்கிற ஆளுக்கு அரைக் கிலோவுக்கும் குறைவான தானியம்!) வைஸ்ராய் லிட்டன் பிரபு, இந்தியாவில் ஜனத்தொகை உணவைவிட வேகமாகப் பெருகுகிறது என்று பேசினார். இதன் மூலம் 1798-ல் மால்தஸ் எழுதிய புத்தகம். மால்தஸ் வெறும் எழுத்தாளர் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். இந்தியாவுக்கு அதிகாரிகளைத் தயார் செய்ய கிழக்கிந்தியக் கம்பெனி இங்கிலாந்தில் ஹெய்லிபரி என்ற இடத்தில் நடத்திய கல்லூரியில் 1805 முதல் சாகும் வரை அவர் பேராசிரியர். அதாவது, பசிக்குக் காரணம் வரியும் ஏற்றுமதியும் அல்ல, பிள்ளைகள்தான் என்ற பாடத்தைப் பல தலைமுறை அதிகாரிகள் படித்துவிட்டே கப்பலேறினார்கள்.

அதே 1877-ல் லண்டனில் ஒரு வழக்கு நடந்தது. கருத்தடை முறைகளை விளக்கும் நோல்டன் என்ற அமெரிக்க டாக்டரின் பழைய சிறு புத்தகத்தை மறுபதிப்பு செய்ததற்காக சார்லஸ் பிராட்லாவும் 29 வயதுப் பெண் ஒருவரும் கூண்டில் நின்றார்கள். அந்தப் பெண் அன்னி பெசன்ட். ஆம், அடையாறு அன்னி பெசன்ட்தான்! ஏழைத் தொழிலாளியின் மனைவி பத்துப் பிள்ளை பெற்று நான்கைப் புதைப்பதைவிட, எத்தனை வேண்டுமோ அத்தனை பெறும் அறிவை அவளுக்குக் கொடுப்பது எப்படி ஆபாசமாகும் என்பது அவர் தரப்பு வாதத்தின் சாரம். ஆறு மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டு, அப்பீலில் சட்ட நுணுக்கத்தால் ரத்தானது. ஆனால் அவர் வேறு விலை கொடுத்தார். இப்படிப்பட்ட கருத்துள்ளவள் தாயாக இருக்கத் தகுதியற்றவள் என்று 1878-ல் நீதிமன்றம் அவருடைய மகளைப் பிரித்துக் கணவரிடம் கொடுத்துவிட்டது. பிள்ளை பெறுவதைப் பற்றிப் பேசியதற்குத் தண்டனை, பெற்ற பிள்ளையை இழப்பது.

இதில் வேடிக்கை என்னவென்றால், பிரம்மஞான சங்கத்தில் சேர்ந்த பிறகு, 1891-ல், தன் சொந்தக் கருத்தடைப் புத்தகத்தையே அவர் விற்பனையிலிருந்து விலக்கிக்கொண்டார். மனிதப் பிறவி ஆன்மாவின் பயணம், உடலிச்சையை அடக்குவதுதான் வழி என்று நினைக்கத் தொடங்கியிருந்தார். 1893-ல் இந்தியா வந்தவர் 1933-ல் அடையாறில் காலமானார். உலகத்திலேயே கருத்தடைக்காகக் கோர்ட்டுக்குப் போன மிகப் பிரபலமான பெண் நாற்பது வருடம் இந்த நாட்டில் இருந்தும், அந்த விஷயத்தில் சென்னைக்குப் பயன்படவில்லை.

பயன்பட்டவர்கள் வேறு ஆட்கள். 1920-களின் இறுதியில் சென்னையில் நியோ மால்தூசியன் லீக் என்ற சங்கம் உருவானது. உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த சர் வேப்பா ராமேசம் போன்ற பெரிய மனிதர்கள் அதில் இருந்தார்கள். வக்கீல்கள், டாக்டர்கள், ஓய்வு பெற்ற அதிகாரிகள் என்று கௌரவமான கூட்டம். இவர்கள் பேச்சில் நாட்டின் வறுமை இருந்தது, இனத்தின் தரம் இருந்தது, தாயின் உடல்நலமும் இருந்தது. யார் பெற வேண்டாம் என்றால் பெரும்பாலும் ஏழைகள். அந்தக் காலத்தில் உலகமெங்கும் இதே கதைதான். தகுதியுள்ளவர் பெறட்டும், தகுதியற்றவர் நிறுத்தட்டும் என்ற சிந்தனை ஜெர்மனியில் எங்கே போய் முடிந்தது என்பது எல்லோருக்கும் தெரியும்.

இந்தச் சூழலில்தான் 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு கூடியது. (ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் அன்றைக்கு செங்கல்பட்டு மாவட்டம்தான்.) பெண்ணுக்குச் சொத்துரிமை, 16 வயதுக்கு மேல்தான் கல்யாணம், பிடிக்காவிட்டால் விலகும் உரிமை என்று தீர்மானங்கள் வந்தன. தொடர்ந்து பெரியார் 'குடி அரசு' இதழில் கர்ப்பத்தடை பற்றி எழுதினார். 1930-களில் 'பெண் ஏன் அடிமையானாள்?', 'கர்ப்ப ஆட்சி' ஆகிய புத்தகங்கள் வந்தன.

பெரியாரும் கருத்தடையை ஆதரித்தார், லீக்கும் ஆதரித்தது, அப்படியானால் என்ன வித்தியாசம் என்று கேட்கலாம். வித்தியாசத்தை அவரே தெளிவாக எழுதியிருக்கிறார். மற்றவர்கள் தாயின் ஆரோக்கியத்துக்காகவும், நாட்டின் தரித்திரம் தீரவும், குடும்பச் சொத்து பங்கு பிரியாமல் இருக்கவும் கருத்தடை வேண்டும் என்கிறார்கள். தன் காரணம் அதுவல்ல, பெண் யாருக்கும் அடிமையாக இல்லாமல் சுதந்திரமாக இருக்கவேண்டும் என்பதுதான் என்றார். இன்னும் ஒரு படி மேலே போனார். பெண்கள் பிள்ளை பெறுவதை நிறுத்திவிட்டால் உலகம் விருத்தியாகாதே என்று யாராவது கேட்டால், விருத்தியாகாவிட்டால் பெண்களுக்கு என்ன நஷ்டம் என்று திருப்பிக் கேட்டார்.

இந்தக் கேள்வியின் கூர்மையை இன்றைக்கும் பலர் கவனிப்பதில்லை. அதுவரை எல்லோருமே ஒரு பெரிய கணக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பேசினார்கள். அரசாங்கத்துக்கு உணவுக் கணக்கு, சீமான்களுக்கு இனத் தரத்தின் கணக்கு, குடும்பத்துக்கு வாரிசுக் கணக்கு. பெரியார் அந்தப் புத்தகத்தையே மூடிவிட்டு, பிரசவ வலி யாருக்கோ அவர் பக்கமிருந்து கூட்டிக் கழிக்கச் சொன்னார். அவர் சொன்ன முடிவோடு (பெண்கள் பிள்ளையே பெறாமல் இருந்துவிடலாம் என்பதோடு) உடன்பட வேண்டியதில்லை. பிள்ளை வேண்டும் என்று ஆசைப்படும் பெண்கள்தான் அதிகம். ஆனால் கேள்வியை யாரிடம் கேட்க வேண்டும் என்பதில் அவர் சொன்னதுதான் சரி.

காந்தியின் நிலை வேறு. 1935 டிசம்பரில் அமெரிக்கக் கருத்தடை இயக்கத் தலைவி மார்கரெட் சாங்கர் வார்தாவுக்கே வந்து அவரோடு வாதாடினார். பிள்ளைகளைக் குறைக்க வேண்டும் என்பதில் காந்திக்கும் சம்மதம். வழி பிரம்மச்சரியம் மட்டுமே, செயற்கைச் சாதனங்கள் கூடாது என்றார். மனைவி கணவனுக்கு முடியாது என்று சொல்லப் பழகவேண்டும் என்றும் சொன்னார். சொல்வது சுலபம். அந்தக் காலத்தில் எத்தனை பெண்கள் அப்படிச் சொல்லிவிட்டு வீட்டில் இருந்திருக்க முடியும்? (1930-லேயே மைசூர் சமஸ்தானம் அரசாங்கக் கருத்தடை கிளினிக் திறந்துவிட்டது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். மகாராஜாக்கள் சில சமயம் மகாத்மாக்களைவிட முன்னால் போயிருக்கிறார்கள்.)

சுதந்திரம் வந்ததும் பெரிய கணக்குப் புத்தகம் மறுபடி திறந்தது. 1951-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தலைமை வகித்தவர் ஆர்.ஏ. கோபாலசுவாமி என்ற ஐ.சி.எஸ். அதிகாரி. தன் அறிக்கையில் அவர் ஒரு புதிய சொல்லை அறிமுகம் செய்தார். தமிழில் சொன்னால் 'முன்யோசனையற்ற தாய்மை'. ஏற்கெனவே மூன்றோ அதற்கு மேலோ பெற்று, அதில் ஒன்றாவது உயிரோடு இருக்கும் தாய் மறுபடி பெற்றால், அந்தப் பிரசவம் முன்யோசனையற்றது. யோசித்துப் பாருங்கள். மூன்று பெற்று இரண்டைப் புதைத்த ஒரு தாய், இருக்கிற ஒன்றும் போய்விட்டால் என்ன செய்வது என்று நான்காவது பெறுகிறாள். அவள் நிலையிலிருந்து பார்த்தால் அதைவிட முன்யோசனை வேறென்ன இருக்க முடியும்? ஆனால் புள்ளிவிவர அட்டவணையில் அவள் பெயர் 'முன்யோசனையற்றவள்'. அப்பனுக்கு அந்த அட்டவணையில் பெயரே இல்லை!

கோபாலசுவாமி பிறகு சென்னை மாநிலத் தலைமைச் செயலாளரானார். எண்ணங்களை அமலாக்கும் நாற்காலி கிடைத்தது. 1956-ல் சென்னை மாநில அரசு கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொள்ளும் ஏழைகளுக்கு 30 ரூபாய் கொடுக்கத் தொடங்கியது. 1959-லிருந்து ஆள் பிடித்துக் கொடுப்பவர்களுக்கும் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வந்தது. இதைச் செய்துகொண்டவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். வாசக்டமி சின்ன அறுவை, சீக்கிரம் முடியும். இந்தியாவின் மற்ற மாநிலங்களுக்கு சென்னை இதில் முன்மாதிரி ஆனது.

காசு வாங்கிக்கொண்டு சம்மதித்தால் அது சம்மதமா என்ற கேள்வி இங்கே வருகிறது. கட்டாயம் எதுவும் இல்லை என்று அதிகாரி சொல்வார். உண்மைதான், யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. ஆனால் 1956-ல் 30 ரூபாய் ஒரு விவசாயக் கூலிக்குப் பல நாள் வருமானம். வயிறு நிறைந்த வீட்டுக்கு அது பரிசு, காய்ந்த வீட்டுக்கு அது உத்தரவு மாதிரி. நடுவில் கமிஷன் ஏஜென்ட் நுழைந்ததும் எல்லாமே எண்ணிக்கை ஆகிவிட்டது. இலக்கு, சாதனை, மாவட்டத்துக்கு இத்தனை கேஸ். ஆபரேஷன் செய்துகொண்டவர் 'கேஸ்' ஆனார்.

அந்த எண்ணிக்கை வெறி எங்கே போய் முடிந்தது என்பதற்கு 1975-77 நெருக்கடி நிலை சாட்சி. 1976-77 ஒரே நிதியாண்டில் நாடு முழுக்க 80 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள். வட மாநிலங்களில் கிராமங்களை வளைத்துப் பிடித்த கதைகள் எல்லோரும் அறிந்தவை. முன்னின்று நடத்தியவர் சஞ்சய் காந்தி. அவருடைய அண்ணன் ராஜீவ் 1991-ல் உயிரிழந்த இடம்தான் ஸ்ரீபெரும்புதூர். நினைவிடம் நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. இந்தியாவின் ஜனத்தொகை அரசியலுக்கும் இந்த ஊருக்கும் இப்படியும் ஒரு தொடர்பு.

நெருக்கடி நிலைக்குப் பிறகு எந்த அரசியல்வாதியும் ஆண்களைத் தொடத் துணியவில்லை. கத்தி பெண்கள் பக்கம் திரும்பியது. இரண்டாவது பிரசவம் முடிந்த கையோடு ஆபரேஷன் என்பது தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் வழக்கமே ஆகிவிட்டது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கும் மேல் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் பங்கு ஒரு சதவீதம்கூட இல்லை. சின்ன அறுவை யாருக்கோ அவர் தப்பித்துக்கொண்டார், பெரிய அறுவை யாருக்கோ அவர் மாட்டிக்கொண்டார்.

இதற்கிடையில் 1990-களின் தொடக்கத்திலேயே தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை இரண்டரைக்குக் கீழே இறங்கியது. 2020-ல் மாதிரிப் பதிவு ஆய்வின்படி அது 1.4. 30 ரூபாயா இதைச் சாதித்தது? பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி, தடுப்பூசி, பள்ளிக்கூடம், சத்துணவு, பஸ் வசதி, பெண்களின் சம்பாத்தியம் எல்லாம் சேர்ந்து செய்த வேலை இது. பிறந்த பிள்ளை சாகாது என்ற நம்பிக்கை வந்தபோது தாய்மார்கள் தாங்களாகவே நிறுத்திக்கொண்டார்கள். கோபாலசுவாமி தேடிய முன்யோசனை அவர்களிடம் முன்பும் இருந்தது.

ஆனால் இந்த வெற்றிக்கு ஒரு கறுப்புப் பக்கம் உண்டு. இரண்டு போதும் என்ற எண்ணமும், அதில் ஒன்று ஆணாக இருக்க வேண்டும் என்ற எண்ணமும் சேர்ந்தபோது பெண் சிசுக்கள் செத்தன. 1986-ல் உசிலம்பட்டி வட்டாரத்துக் கள்ளிப்பால் கதைகள் பத்திரிகைகளில் வந்து நாட்டையே உலுக்கின. 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் தொடங்கப்பட்டது. 1994-ல் கருவின் பாலினம் பார்ப்பதைத் தடை செய்யும் சட்டம் வந்தது. பிள்ளை பெறுவதைக் கணக்காக மட்டும் சொல்லிக்கொடுத்தால், மக்கள் அந்தக் கணக்கைத் தங்கள் வழியில் போட்டுக்கொள்வார்கள்.

பிறக்கப்போகும் குழந்தையின் பக்கம் யாராவது பேசினார்களா? தத்துவக்காரர்கள் பேசினார்கள். பிறக்காமல் இருப்பதே ஒவ்வொருவருக்கும் நல்லது என்று தென்னாப்பிரிக்கப் பேராசிரியர் டேவிட் பெனட்டார் 2006-ல் புத்தகமே எழுதினார். 2019-ல் மும்பையைச் சேர்ந்த ரஃபேல் சாமுவேல், தன் சம்மதம் கேட்காமல் பெற்றதற்காகப் பெற்றோர் மீது வழக்குப் போடப்போவதாகச் சொல்லி உலகத்தைச் சிரிக்க வைத்தார். தமிழனுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. 'பிறவாமை' என்று ஒரு தனிச் சொல்லே வைத்திருக்கும் மொழி இது. திருக்குறளில் மக்கட்பேறு என்று ஓர் அதிகாரம் பிள்ளைச் செல்வத்தைக் கொண்டாடுகிறது. அவா அறுத்தல் என்ற இன்னோர் அதிகாரம், எதையாவது வேண்டுவதென்றால் பிறவாமையை வேண்டு என்கிறது. ஆனால் ஒரு முக்கிய வித்தியாசம். நம் மரபில் பிறவாமை என்பது அவரவர் தனக்குக் கேட்டுக்கொள்வது. அடுத்தவன் பிள்ளையைப் பிறக்காதே என்று சொல்ல அந்தச் சொல்லை யாரும் பயன்படுத்தியதில்லை. அந்த வேலையை அரசாங்கங்களும் கம்பெனிகளும்தான் எடுத்துக்கொண்டன.

சரி, மறுபடி ஸ்ரீபெரும்புதூருக்கு வருவோம்.

1996-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கால்வைத்தது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா உற்பத்தியைத் தொடங்கி 2014-ல் மூடியது. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ நிசான், பிறகு டைம்லர், ராயல் என்ஃபீல்டு. ஏரியும் நெல் வயலுமாக இருந்த பகுதி சிப்காட் வளாகங்களாக மாறியது. கார் கம்பெனிகள் பெரும்பாலும் ஆண்களை எடுத்தன. எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகள் இளம்பெண்களை எடுத்தன. சிறு விரல்கள், பொறுமை, சங்கம் வைக்க மாட்டார்கள் என்றெல்லாம் காரணம் சொல்வார்கள். இதுவும் புதிதல்ல. கோவை, திருப்பூர் பக்கத்து நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில், மணமாகாத பெண்களை மூன்று வருடம் விடுதியில் தங்க வைத்து வேலை வாங்கி, முடிவில் கல்யாணச் செலவுக்கென்று ஒரு தொகை தருவதாகச் சொல்லும் வழக்கம் அதற்கு முன்பே இருந்தது. சுமங்கலி ஆவதற்குக் காசு, சுமங்கலி ஆனால் வேலை இல்லை!

ராய்ட்டர்ஸ் செய்தி வந்த மறுநாளே மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. ஜூலை மாதம் அதிகாரிகள் ஆலைக்கே போய் விசாரித்தார்கள். அவர்களிடம் கொடுக்கப்பட்ட கணக்கு: மொத்தம் 41,281 பேர், அதில் பெண்கள் 33,360, அந்தப் பெண்களில் மணமானவர்கள் 2,750. நூற்றுக்கு எட்டு பேர். தேசிய மனித உரிமை ஆணையமும் நோட்டீஸ் அனுப்பியது. அதே வருடம் நவம்பரில், ஆள் எடுக்கும் விளம்பரங்களில் வயது, பாலினம், கல்யாணம் ஆனவரா என்ற விவரங்களைக் கேட்கக் கூடாது என்று ஏஜென்டுகளுக்கு நிறுவனம் சொல்லிவிட்டதாக ராய்ட்டர்ஸே எழுதியது.

நிறுவனங்களின் தரப்பில் வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் செலவு. 2017-ல் பேறுகாலச் சட்டம் திருத்தப்பட்டு, முதல் இரண்டு பிரசவங்களுக்குச் சம்பளத்தோடு 26 வார விடுப்பு வந்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் கட்டாயம் ஆனது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இதையே தொடர்கிறது. விடுப்புச் சம்பளம் முழுவதும் முதலாளி தலையில் விழுவதால், பெண்களை எடுக்கவே தயங்குவார்கள் என்று அப்போதே பலர் எச்சரித்தார்கள். ஆனால் இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. 2024-ல் மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கிய ஆலைத் தொழிலாளர்கள் இ.எஸ்.ஐ. திட்டத்துக்குள் வருவார்கள். அவர்களுக்குப் பேறுகாலச் சம்பளத்தைக் கொடுப்பது கம்பெனி அல்ல, மாதாமாதம் பிடித்த சந்தாவிலிருந்து இ.எஸ்.ஐ. கழகம்! எனவே, உற்பத்திப் பிரிவில் வேலை செய்யும் ஒரு பெண் பிள்ளை பெற்றால் முதலாளிக்கு ஆகும் நேரடி நஷ்டம், பழகிய கை ஒன்று ஆறு மாதம் இல்லாமல் போவதுதான். அந்த ஆறு மாதத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ள முடியாத ஒரு ஏற்பாட்டை 'மலிவான உழைப்பு' என்று சொல்லி உலகம் போன் வாங்குகிறது. ஒரகடத்தில் கார் கதவு பொருத்தும் ஆண் அப்பா ஆனால் அதே வாரம் இனிப்பு கொடுத்துவிட்டு ஷிப்டுக்குப் போகிறான். அவனிடம் யாரும் இன்டர்வியூவில் கல்யாணம் பற்றிக் கேட்பதில்லை.

இந்தப் பெண்களில் பலர் வெளி மாவட்டங்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கியிருப்பவர்கள். 2021 டிசம்பரில் ஒரு விடுதிச் சாப்பாடு விஷமாகி 250-க்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டபோது, அவர்கள் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். அதன் பிறகுதான் அந்த விடுதிகளின் நிலை வெளியே தெரிந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதி வளாகம் திறக்கப்பட்டது. பெரிய முன்னேற்றம், சந்தேகமில்லை. ஆனால் அதன் அமைப்பே ஒரு செய்தி சொல்கிறது. அது தனியாக வரும் பெண்ணுக்குக் கட்டிய இடம். கைக்குழந்தையோடு வருபவளுக்கு அதே அளவில் ஒரு குடியிருப்பை இன்னும் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

இப்போது கதை தலைகீழாகத் திரும்பியிருக்கிறது. 1976-ல் 42-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், மக்களவைத் தொகுதிகளின் எண்ணிக்கையை 1971 மக்கள்தொகைப்படி நிறுத்தி வைத்தது. குடும்பக் கட்டுப்பாடு செய்த மாநிலம் தொகுதிகளை இழக்கக் கூடாது என்ற எண்ணம். 2001-ல் 84-ஆவது திருத்தம் அதை 2026-க்குப் பிறகு வரும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. அந்தக் கெடு நெருங்கியதும் 39 தொகுதிகள் குறையுமோ என்ற கவலை வந்தது. 2024 அக்டோபரில் சென்னையில் 31 ஜோடிகளுக்குத் திருமணம் செய்து வைத்த அன்றைய முதல்வர் மு.க. ஸ்டாலின், பதினாறும் பெறுவோம் என்று இறங்கிவிடலாமோ என்று பாதி வேடிக்கையாகச் சொன்னார். 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில், புதுமணத் தம்பதிகள் உடனே குழந்தை பெற்றுக்கொள்ளுங்கள் என்றே கேட்டுக்கொண்டார். தொகுதிப் பங்கீட்டில் தமிழ்நாட்டின் கவலை நியாயமானதுதான். ஆனால் எம்.பி. எண்ணிக்கைக்காகப் பிள்ளை பெறச் சொல்வதும், அரிசி எண்ணிக்கைக்காக வேண்டாம் என்று சொன்னதும் ஒரே நோட்டுப் புத்தகத்தின் இரண்டு பக்கங்கள்.

அதே சமயத்தில் தர்மபுரி மாவட்டத்து அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவரின் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருந்தது. முதல் திருமணத்தில் இரண்டு குழந்தைகள். அவர்கள் தந்தையிடம் வளர்ந்தார்கள். மறுமணம் செய்துகொண்டு, அந்தத் திருமணத்தில் பிறந்த முதல் குழந்தைக்காக 2021-ல் பேறுகால விடுப்பு கேட்டார். தமிழக அரசின் விதிப்படி இரண்டு குழந்தைக்கு மேல் விடுப்பு கிடையாது, இது மூன்றாவது என்று மறுத்துவிட்டார்கள். தனி நீதிபதி அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். 2022-ல் டிவிஷன் பெஞ்ச் அதை மாற்றியது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், பேறுகால விடுப்பு என்பது பெண்ணின் இனப்பெருக்க உரிமைகளில் ஒரு பகுதி, அதை மறுக்க முடியாது என்று சொல்லி, விடுப்பைக் கொடுக்க உத்தரவிட்டது. தீர்ப்பு வந்தபோது அந்தக் குழந்தைக்கு மூன்று வயது தாண்டியிருந்தது.